முப்பத்தெட்டில் மாறும் கியர்

நான் ஆறாம் வகுப்பு முடித்த விடுமுறையில் எங்கள் மினி லாரியிலிருந்து கிளட்சைக் கழற்றினார்கள். அதற்கு மூன்று மாதம் முன்பு அப்பாவின் இடது கணுக்கால் உடைந்திருந்தது. பிள்ளைச்சாவடியில் ஐஸ் இறக்கும்போது பலகையிலிருந்து வழுக்கிய ஒரு ஐஸ் பார் நேராகக் காலில் விழுந்தது. கம்பி வைத்துத் தைத்த பிறகு நடக்க முடிந்தது. கிளட்சை மிதிக்க முடியவில்லை.

அப்பாவின் வேலை கரைக்கு ஐஸ் கொண்டுபோய், அங்கிருந்து பெரிய மார்க்கெட்டுக்கு மீன் கொண்டு வருவது. பதினாறு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

அம்மாவின் அண்ணன் பிரான்சில் ஒரு பஸ் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியிருந்தார். கிளட்ச் மிதிக்க முடியாதவருக்குக் கிளட்ச் எதற்கு என்று கேட்டார். அங்கே பஸ்ஸெல்லாம் ஆட்டோமேட்டிக்தான் என்றார். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் ஓரிடத்தில், விபத்தில் நொறுங்கிய வேன் ஒன்றின் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியைத் தேடிப் பிடித்து வந்தார். எங்கள் லாரியில் ஏற்கெனவே அதன் சொந்த எஞ்சின் கிடையாது; அதைவிடப் பெரிய டீசல் எஞ்சின் ஒன்றை வைத்துக் கட்டியிருந்தார்கள். ஆக, ஒன்றையொன்று அறியாத மூன்று வண்டிகள் ஒரே பதிவெண்ணில் ஓட வேண்டியிருந்தது.

அவை ஒத்துப்போகவில்லை. அந்தப் பெட்டி பெட்ரோல் எஞ்சினோடு பழகியது. எஞ்சின் நன்றாகக் கத்திய பிறகுதான் அடுத்த கியருக்குப் போகும். எங்கள் எஞ்சினால் அவ்வளவு கத்த முடியாது. ஆக்சிலேட்டரிலிருந்து பெட்டிக்கு ஒரு கேபிள் போயிற்று. அதன் நட்டை இறுக்கினால் கியர் தாமதமாக மாறும், தளர்த்தினால் சீக்கிரம் மாறும். சுமையோடு மேடேறும்போது இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர் வேகத்தில் மாற வேண்டும் என்று மாமா முடிவு செய்திருந்தார். அதற்கு முன்னால் மாறினால் வண்டி திணறும். பின்னால் மாறினால் எஞ்சின் தாங்காது.

பத்து நாள் பார்ப்பது என்று வீட்டில் பேசிவைத்தார்கள். அதற்குள் சரியானால் அப்பா மறுபடி ஓட்டுவார். ஆகாவிட்டால் கடலூர்க்காரர் ஒருவர் வண்டியை எடுத்துக்கொள்வார்; அப்பா சித்தப்பாவின் மருந்துக் கடையில் உட்கார்ந்து சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பார். வண்டி போகக் கூடாது என்று அம்மா தினமும் மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றினார். அப்பா எதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

புதுச்சேரியில் மேடு என்று தேடினால் லாஸ்பேட்டைக்கு ஏறும் சாலைதான். மூன்று மணி வெயிலில் அங்கே போவோம். ஆக்சிலேட்டருக்கு அடியில் மாமா ஒரு மரக்கட்டையை வைத்துக் கட்டியிருந்தார். கட்டையில் படும்வரை அப்பா மிதிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு மிதி. பக்கத்தில் மாமா வண்டியின் தரையில் உள்ளங்கையை வைத்திருப்பார். கியர் மாறும் உதறல் கைக்குத் தெரிந்ததும், "இந்தா" என்பார். நடுவில் உட்கார்ந்திருக்கும் நான் அந்த நொடியில் வேகமுள் எங்கே நிற்கிறது என்று சொல்லி நோட்டில் எழுத வேண்டும்.

"முள்ள மட்டும் பாரு, மருமவளே. வழில போற மாட்டையெல்லாம் பாக்காத."

முதல் நாள் நாற்பத்து நான்கு. நட்டைத் தளர்த்தினார். நாற்பத்தொன்று. இன்னும் கொஞ்சம் தளர்த்தினார். முப்பத்தெட்டு. "வுவாலா" என்று பிரெஞ்சில் சொல்லி மாமா தொடையில் தட்டிக்கொண்டார். அது மூன்றாம் நாள்.

நான்காம் நாள் முப்பத்தொன்று வந்தது. உடனே இன்னொரு முறை ஏறினோம். இருபத்தொன்பது.

"நேத்து ராத்திரி யார்னா நட்டத் தொட்டீங்களா?"

"யாரு தொடப் போறா, மச்சான்" என்றார் அப்பா.

மாமா ஐஸைச் சந்தேகித்தார். சுமைக்காகப் பின்னால் இருபது பார் ஏற்றியிருந்தோம். வெயிலில் உருகி எடை குறைகிறது, அதனால்தான் எண் மாறுகிறது என்றார். மறுநாள் மணல் மூட்டை ஏற்றினோம். மணல் உருகவில்லை. எண் மட்டும் முப்பத்தெட்டு, முப்பது, முப்பத்து மூன்று என்று அலைந்தது. மாமா கேபிளை மாற்றினார். பெட்டியின் எண்ணெயை மாற்றினார். அம்மாவின் யோசனைப்படி மாதா கோயில் சாமியாரைக் கூப்பிட்டு வண்டிக்குத் தீர்த்தம்கூடத் தெளித்தாயிற்று. அன்றைக்கு இருபத்தேழு.

ஒன்பதாம் நாள் மேட்டின் உச்சியில் வண்டியை நிறுத்திவிட்டு மாமா கீழே இறங்கினார். அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நோட்டை வாங்கி, பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார்.

"அவ்ளோதான் மாப்ள. பொட்டி உள்ளயே போயிருக்கு. என்னால ஆவாது. கடலூர்க்காரன வரச் சொல்லிடு."

அப்பா ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி, "சரி மச்சான்" என்றார். அதில் வருத்தம் ஏதும் கேட்கவில்லை. களைத்தவர் உட்கார இடம் கிடைத்ததும் சொல்வதுபோல் இருந்தது.

அம்மாவின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. நோட்டு என்னுடையது, அதில் தப்பு என்றால் என் தப்பு என்றும் தோன்றியது. நான் சொன்னேன்:

"மாமா, அந்த சின்ன சின்ன புள்ளியப் பாத்தியா? அப்பா கால் கட்டைல படாதப்பல்லாம் நான் புள்ளி வெச்சிருக்கேன்."

மாமா பார்த்தார். முப்பத்தொன்றுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. இருபத்தொன்பதுக்கு ஒன்று. முப்பது, முப்பத்து மூன்று, இருபத்தேழு. முப்பத்தெட்டு எதற்கும் புள்ளி இல்லை.

"ஏன் இத மொதல்லயே சொல்லல?"

"நீதான் முள்ள மட்டும் பாக்கச் சொன்ன."

மாமா ஜன்னல் வழியாக அப்பாவைப் பார்த்தார். அப்பா சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாரம் ஏற்றிய டெம்போ ஒன்று எங்களைக் கடந்து மேடேறிப் போயிற்று.

"கால் அசந்துடுது, மச்சான்" என்றார் அப்பா.

"அது வலது காலாச்சே மாப்ள."

மாமா ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். குரலை உயர்த்தாமல், "நல்லா மிதிச்சு ஒருவாட்டி ஓட்டு" என்றார். கீழே போய்த் திரும்பி ஏறினோம். முப்பத்தெட்டு. மறுபடியும் ஏறினோம். முப்பத்தெட்டு. மூன்றாம் முறை மாமா "இந்தா" என்று சொல்வதற்குள் நானே எண்ணைச் சொல்லிவிட்டேன்.

மாமா எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். வீட்டில் அம்மா என் தலையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு அழுதார். கடலூர்க்காரருக்கு வேண்டாம் என்று போன் போயிற்று. திங்கட்கிழமை விடியும் முன் அப்பா ஐஸ் ஏற்றக் கிளம்பினார். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் அந்த வண்டியை ஓட்டினார். கியர் முப்பத்தெட்டில்தான் மாறியது; நட்டைத் தொட வேண்டிய தேவையே வரவில்லை.

அந்த ஒன்பது நாளும் அப்பாவுக்கு ஒரு சாண் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். முள் எங்கெங்கே நின்றது என்பதும், கால் கட்டைக்கு எவ்வளவு மேலே நின்றது என்பதும் இன்றும் கண்ணில் இருக்கின்றன. அவர் முகத்தை ஒருமுறையாவது திரும்பிப் பார்த்தேனா என்று யோசித்தால், பார்த்ததாக நினைவில்லை.

அந்த ஒன்பதாம் நாள் மாலை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, மாமா இறங்கிப் போன பிறகும் அப்பா இருக்கையிலேயே இருந்தார். கட்டையை அவிழ்த்து என் கையில் கொடுத்தார்.

"நல்லாதான் பாக்குற, பாப்பா" என்றார்.

பள்ளிக்கூடம் திறந்ததும் என் வகுப்பில் எல்லோரிடமும் அதைச் சொன்னேன். எங்கப்பாவே சொன்னாரு என்று சொன்னேன்.