பட்டறைக்குள்ள வந்த கடல்

உங்க மூஞ்சியப் பார்த்தாலே தெரியுதுங்க, நீங்க நம்பப் போறதில்லை. அதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லீங்க, உங்க இடத்துல நான் இருந்தாலும் நம்பமாட்டேன். ஊட்டுல யாருக்காச்சும் காய்ச்சல்னா மந்திரிக்கக் கூட்டிட்டுப் போலாம்னு பத்துப்பேரு சொல்லுவாங்க, நான் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிருவேன். உச்சி வெயில்ல புளியமரத்துக்கு அடியில படுத்துத் தூங்கி எந்திரிச்சவ நானு. பேய்க்கெல்லாம் வேலை வெட்டி இல்லையா, நம்மளைத் தேடிட்டு வர்றதுக்குன்னு சிரிச்சுப்போட்டுப் போவேன். இன்னைக்கும் அதைப் பேய்னு நான் சொல்லமாட்டேனுங்க. நடந்தது என்னவோ அதைச் சொல்றேன், பேரு நீங்களே வெச்சுக்கோங்க. இன்னொண்ணு, இது ராத்திரிக் கதையும் இல்லை. நல்ல வெயிலு, பட்டப்பகலு, மத்தியானச் சோறு தின்னுட்டு வந்த நேரம்.

தொண்ணூறுகள்ல எங்களுக்குக் கோயமுத்தூர் கணபதி பக்கம் பம்புப் பட்டறைங்க. நானும் எங்கூட்டுக்காரரு வரதராஜும் சேர்ந்து நடத்துனது. வார்ப்பும் லேத்தும் அவரு, மோட்டாருக்குக் காயில் சுத்தறது நானு. ஊட்டுக்குள்ள தெலுங்கு, பட்டறையில தமிழு, கெணறும் போரும் தவிர வேற தண்ணியே பார்க்காத பரம்பரை. அப்படிப்பட்ட மனுசன் கொச்சிக்குப் பம்பு எறக்கப் போன இடத்துல ஒரு பாய்மரப் படகைப் பார்த்துட்டு வந்து, தூக்கம் புடிக்காம உருண்டு உருண்டு படுத்தாருங்க. யாரோ வெள்ளைக்காரரு நாடு நாடாச் சுத்திட்டு வந்து அங்க விட்டுட்டுப் போனது, வருசக்கணக்காச் சும்மா கெடக்குதாம். உள்ளயே சமைக்கலாமாம், பாயை விரிச்சா டீசலே இல்லாம எங்க வேணாலும் போலாமாம்.

நான் கேட்டது ஒரே கேள்விதானுங்க. "ஏனுங்க, அதுல ரெண்டு பேரு படுக்கலாமுங்களா?"

"படுக்கலாம் அம்மணி."

"அப்ப வாங்கிப்போடுங்க."

கடலுக்குப் பட்டறையைத் தூக்கிட்டுப் போக முடியாதுங்களே, அதனால படகை நீளமான டிரெய்லர்ல ஏத்தி வாளையார் வழியாக் கோயமுத்தூருக்குக் கொண்டாந்தோம். செக்போஸ்ட்ல நின்ன லாரிக்காரங்க எல்லாம் எறங்கி வந்து வேடிக்கை பார்த்தாங்க. ஒருத்தரு, "ஏனுங்க, நொய்யல்ல உடறதுக்குங்களா?"ன்னாரு. நொய்யல்ல அன்னைக்குக் கால் நனைக்கத் தண்ணியில்லை. எங்கண்ணன் பல்லடத்துல கோழிப்பண்ணை வெச்சிருக்கறவரு, அவரு வந்து படகைச் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, "மாப்பிள்ளை போனாப் போகட்டும், நீயும் போறியாமா? நம்ம சொந்தபந்தம் ஒறம்பரையில எவளாச்சும் கடல் மேல போயிருக்காளா?"ன்னு கேட்டாரு. "போகலீங்கண்ணா, அதனாலதான் நான் போறேன்"னு சொன்னேன். அதுக்குப் பொறவு கொஞ்ச நாளைக்கு அவரு எங்கூடப் பேசலை. ஊர்ல மத்தவங்க பேசுனாங்க, நெம்பவே பேசுனாங்க. குழந்தை குட்டி இல்லாதவ என்ன வேணாலும் ஆடலாம்னு என்ற காதுபடவே சொன்னவங்க உண்டு. அப்பத்தான் எனக்கு இன்னும் பிடிவாதம் எச்சாச்சு. இந்தப் படகுல ஏறிக் கரை மறையற வரைக்கும் போய்ட்டு வரலீன்னா நான் நானே இல்லைன்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிப்போட்டேன்.

ஒரு வருசத்துக்கு மேல எங்க வாழ்க்கையே அதுக்குள்ளதான் போச்சுங்க. ஞாயித்துக்கிழமையானா அவரு வெளிய சொரண்டறாரு, நான் உள்ள சொரண்டறேன். பழைய பெயிண்டைத் தேய்ச்சு எடுத்து, வெடிப்புல கண்ணாடி நாரும் ரெசினும் வெச்சு ஒட்டி, பாய்மரத்தை இழுத்து நிறுத்தற கம்பி வடத்தை இழை இழையாத் தடவிப் பார்த்து, அறுந்து முள்ளாட்டம் குத்தறதை எல்லாம் மாத்தி, கயிறு சுத்தி இழுக்கற வின்ச்சைக் கழட்டி மண்ணெண்ணெயில ஊறப் போட்டுக் கிரீஸ் வெச்சு, அப்பப்பா. கிழிஞ்ச பாயைக் கருமத்தம்பட்டியில லாரித் தார்ப்பாய் தைக்கற கடைக்கு எடுத்துட்டுப் போனா, கடைக்காரரு விரிச்சுப் பார்த்துட்டு, "இது எந்த லாரிக்குங்க, மூணு மூலைதான் இருக்குது?"ங்கறாரு. பேட்டரி வயரிங் பூரா நான் இழுத்தது. படகுக்குள்ள சேர்ற தண்ணியை வெளிய எறைக்கற பம்பு எங்க பட்டறைச் சரக்கு, அதைப் பத்திச் சொல்லவே வேண்டாம்.

இப்பத்தான் முக்கியமான சங்கதிக்கு வாரேன். படகோட அடிவயித்துல ஓட்டை இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமுங்களா? எனக்கும் தெரியாது. இஞ்சின் சூடாகாம இருக்கக் கடல் தண்ணி உள்ள வரோணும், பாத்திரம் கழுவுன தண்ணி வெளிய போகோணும், அதுக்குத்தான் ஓட்டை. ஓட்டைக்கு ஓட்டை ஒரு வால்வு இருக்கும். வால்வு போச்சுன்னா படகு போச்சு. பழசெல்லாம் இறுகிப் போய்த் திருகவே வரலை. எங்கூட்டுக்காரரு, "வால்வுக்குக் கோயமுத்தூர்க்காரன் இன்னொருத்தன்கிட்டப் போய் நிக்கறதா?"ன்னு, எங்க போர் பம்புக்கு ஊத்தற அதே பித்தளையில ஊத்தி, லேத்துல கடைஞ்சு மாட்டிப்போட்டாரு. தகதகன்னு தங்கமாட்டம் இருந்துச்சு. எனக்கும் பெருமைதான், பொய் சொல்லக் கூடாது. நம்ம வால்வு வருசக்கணக்காப் போருக்குள்ள கெடந்து வேலை செய்யுது, கடல்ல செய்யாதா, அதுவும் தண்ணிதானேன்னு நெனச்ச கூட்டமுங்க நாங்க.

மாட்டுன வாரம் ஆயுத பூஜை வந்துச்சு. லேத்துல இருந்து ஸ்பேனர் வரைக்கும் தொடச்சுச் சந்தனம் குங்குமம் வெச்சாச்சு, படகுக்கும் மாலை போட்டாச்சு, எலுமிச்சம்பழம் எங்க வெக்கறதுன்னுதான் ஒரே கொழப்பம். காரு லாரின்னா சக்கரத்துக்கு அடியில வெச்சு நசுக்கலாம், படகுக்கு எங்கீங்க சக்கரம்? கடைசில டிரெய்லர் சக்கரத்துக்கு வெச்சு ஒரு தள்ளுத் தள்ளுனாங்க. எங்கண்ணன் வந்திருந்தாரு, "பூஜை டிரெய்லருக்குத்தான் ஆச்சு, படகுக்கு ஆகலை"ன்னு முணுமுணுத்தாரு. பொரி கடலையை வாங்கிட்டு ஆளுங்க எல்லாம் ஊட்டுக்குக் கெளம்பிட்டாங்க, மெயின் சுவிட்சை எறக்கியாச்சு. பூஜை போட்ட பொறவு அன்னைக்குப் பூரா ஒரு ஆயுதத்தையும் தொடக்கூடாதுங்கறது வழக்கம். ஆயுதத்துக்கு லீவு, எனக்கு யாரு லீவு உட்டான்னு நான் சோறு தின்னுட்டுப் பட்டறைக்கு வந்துட்டேன். அடுத்த வாரம் படகு கொச்சிக்குக் கெளம்புது, வேலை மலையாட்டம் கெடக்குதுங்களே. எங்கூட்டுக்காரரு ஒறம்பரைங்களைப் பஸ் ஏத்திட்டு வாரேன்னாரு. நான் கதவைச் சாத்திட்டு, ஏணியில ஏறி, உள்ள எறங்கி, வால்வுக் கைப்பிடிக்குக் கிரீஸ் தடவிட்டு இருந்தேன்.

மொதல்ல தரை ஆடுச்சுங்க. டிரெய்லர் டயர்ல காத்து எறங்குதோன்னு நெனச்சேன். டயர்னா ஒருக்கா எறங்கி நின்னுரும். இது இந்தப் பக்கம் சாயுது, சித்தெ நிக்குது, அந்தப் பக்கம் சாயுது, மறுபடியும் இந்தப் பக்கம். கொக்கியில மாட்டியிருந்த டம்ளருங்க ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்குது. எந்திரிக்கலாம்னு வால்வைப் புடிச்சேன் பாருங்க, அது கையோட வந்துருச்சு. டீக்குத் தொட்டுத் தின்ற வர்க்கியப் புடிச்சு அழுத்துனா எப்படிப் பொடியும், அப்படிப் பொடிஞ்சுது. ஒடைஞ்ச இடத்துல இருந்து மணிக்கட்டுக் கனத்துக்குத் தண்ணி என்ற மூஞ்சியில அடிச்சுது.

நம்புனா நம்புங்க, நம்பாட்டிப் போங்க. டிரெய்லர் மேல நிக்கற படகு, அந்த ஓட்டைக்கு அடியில வெறும் காத்துதான் இருக்குது. அது வழியாத் தண்ணி வருது, ஐஸாட்டம் சில்லுன்னு வருது. வாயில பட்டுச்சு, உப்பு. போர்த் தண்ணியும்தான் உப்புன்னு சொல்லுவீங்க. அதுல வளர்ந்தவ நானு, அது பருப்பு வேகாத உப்பு, அவ்வளவுதான். இது கொமட்டற உப்பு.

கணுக்கால் முங்கி, முழங்காலுக்கு வந்துருச்சு. வட்ட ஜன்னல் வழியா வர்ற வெளிச்சம் பச்சையா மாறி அலையுது. வெளிய எட்டிப் பார்த்தியான்னு எல்லாரும் கேக்கறாங்க. பார்க்கலீங்க. பயத்துல இல்லை, கை காலியில்லை. உண்மையச் சொன்னா எனக்கு வந்தது கோவமுங்க, அப்படி ஒரு கோவம். நகம் தேயத் தேய வேலை செஞ்ச படகு, ஊர்ப் பேச்செல்லாம் வாங்கிட்டுச் செஞ்ச படகு, நான் கடலுக்குப் போறதுக்கு முந்தி கடலு என்ற பட்டறைக்கே வந்து அதை முழுங்கறதா? மெஷின் தொடைக்கற வேஸ்ட் பஞ்சை அள்ளி ஓட்டையில திணிச்சேன், பிச்சுட்டு வந்துச்சு. சாமான் கூடையில ஒரு அரம் கெடந்துச்சு, அதோட மரப்பிடியைக் கழட்டி, பஞ்சைச் சுத்தி, ஓட்டையில வெச்சுச் சுத்தியல்ல அடிச்சேன். அடிக்கறப்ப வாயி சும்மா இருக்குமுங்களா? எங்க பக்கத்துப் பேச்சுல நல்லா வெளுத்து வாங்குனேன். "நானே வாரேன்னு கெளம்பிட்டு இருக்கறேன், அதுக்குள்ள உனக்கு என்ன அவசரம்? மரியாதையாப் போயிரு, அங்க வந்து உன்னையப் பேசிக்கறேன்"னு. பிடி இறுகுச்சு. தண்ணி நின்னுச்சு. ஆட்டமும் நின்னுச்சு.

எங்கூட்டுக்காரரு ஏணியில ஏறி எட்டிப் பார்க்கறப்ப நான் சுத்தியலோட உக்காந்திருக்கறேன். படகுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணியில்லீங்க. கீழ சிமெண்டுத் தரை காஞ்சு கெடக்குது. என்ற மூஞ்சியும், முழங்கால் வரைக்கும் சீலையும் மட்டும் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்குது. அவரு உள்ள எறங்கி வந்து தரையைத் தொட்டுப் பார்த்தாரு. பொறவு, "ரெசின் வாசம் தலைக்கேறிருச்சு அம்மணி, மயக்கத்துல குடத்துத் தண்ணியக் கவுத்திருப்பே"ன்னாரு. சரிங்க, அப்படியே இருக்கட்டும்னு நானும் எறங்கி வந்தேன். ஊடு போய்ச் சேர்றதுக்குள்ள கால் காஞ்சு போச்சு, காஞ்ச இடமெல்லாம் வெள்ளை வெள்ளையா உப்புப் பூத்திருச்சு. அதைப் பார்த்த பொறவு அவரு ரெசின் பேச்சை எடுக்கவே இல்லை. அந்த மரப்பிடியும் நல்லா ஊறி உப்பி, புடுங்க வராம, டிரில் போட்டுத்தான் எடுத்தாரு.

ஒடைஞ்ச வால்வைப் பார்த்தா உள்ள மஞ்சளே இல்லைங்க, செங்கல்லாட்டம் செவந்து கெடக்குது. அதே உலையில ஊத்துன மத்த வால்வெல்லாம் தகதகன்னு அப்படியே இருக்குது. எங்கூட்டுக்காரரு கொச்சியில படகுப் பட்டறை வெச்சிருக்கறவருக்குப் போன் போட்டுக் கேட்டாரு. அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "கடலுக்கு யாராச்சும் பித்தளை போடுவாங்களா? அதுல இருக்கற துத்தநாகத்தை உப்பு தின்னுப்போடும், செம்பு மட்டும் சக்கையா நிக்கும். அது சரி, எத்தனை வருசமாத் தண்ணியில கெடந்துச்சு?"ன்னு கேட்டாராம். போன வாரம் மாட்டுனது, தண்ணியே பார்க்கலைன்னு எப்படீங்க சொல்றது? எங்கூட்டுக்காரரு லைன் சரியில்லைன்னு போனை வெச்சுட்டாரு.

எங்கண்ணன் காதுக்குப் போயிருச்சு. வந்து நின்னுட்டாரு, பூஜை அன்னைக்கு ஆயுதத்தைத் தொட்டதுக்குத்தான் இது, படகை வித்துப்போடுங்கன்னு. "ஆயுதத்தைத் தொட்டா ஆயுதம் கோவிச்சுக்கட்டும், கடலுக்கு என்னுங்கண்ணா வந்துச்சு?"ன்னு கேட்டேன். நல்லா யோசிச்சுப் பாருங்க, அந்தப் பித்தளையோட நாங்க கெளம்பியிருந்தா நடுக்கடல்ல எங்களுக்குத் தெரியாமயே அது பொடிஞ்சிருக்கும், ரெண்டு பேரும் முங்கியிருப்போம். அதைப் பட்டறையிலயே காட்டிக் குடுத்துச்சுன்னா அது போகாதேன்னு சொன்னதாகுமா, ஒழுங்கா வான்னு சொன்னதாகுமா? ஒழுங்கா வான்னுதான் நான் எடுத்துக்கிட்டேன். மொத்த வால்வையும் கழட்டி, உப்புக்குத் தாங்கற கன்மெட்டல்ல ஊத்தி, ஒவ்வொண்ணையும் என்ற கையால திருகிப் பார்த்து மாட்டுனோம். ஒவ்வொரு வால்வுக்குப் பக்கத்துலயும் ஒரு மரக்கட்டை சீவிக் கயித்துல கட்டித் தொங்க உட்டேன். அண்ணன் வழியனுப்பக்கூட வரலை. வராட்டிப் போறாருன்னு கெளம்பிட்டோம்.

கொச்சியில எறக்கி, காயல்ல கொஞ்ச நாள் ஓட்டிப் பழகிட்டு, பாயை ஏத்தி, வடக்கு பார்த்து உட்டோமுங்க. மொத நாளெல்லாம் எனக்கு வாந்திதான். அடுத்த நாள் பொழுதோட காத்து நல்லா புடிச்சுது, படகு அழகா ஒருக்களிச்சு ஓடுது, கரை மறைஞ்சு போச்சு, சுத்தியும் தண்ணி. சுக்கான் என்ற கையில. வாய் உட்டுக் கத்தோணும்போல சந்தோசமுங்க எனக்கு. எங்கூட்டுக்காரரு டீ போட்டுக் கொண்டாந்து குடுத்துட்டு, பக்கத்துல வந்து உக்காந்தாரு.

"சாந்தா, அன்னைக்குப் பட்டறைக்கு வந்ததும் நான் கதவைத் தொறக்கலை. வெளியவே நின்னுட்டு இருந்தேன்"னாரு.

"ஏனுங்க?"

"உள்ள ரெண்டு பொம்பளைங்க பேசற சத்தம் கேட்டுச்சு. யாரோ உன்னையப் பார்க்க வந்திருக்காங்கன்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "நான் ஒருத்திதானுங்க, கடலைத் திட்டிட்டு இருந்தேன்"னேன்.

"நீ திட்டுனா எனக்குத் தெரியாதா?"ன்னாரு. "அது திட்டு இல்லை. தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை, இங்கிலீசும் இல்லை. இன்னொருத்தி ஒண்ணொண்ணாக் கேக்கறா, நீ அதே பாசையில பதில் சொல்றே. சரி சரின்னு ஒத்துக்கற மாதிரி இருந்துச்சு. கடைசில ரெண்டு பேரும் சிரிச்சீங்க."

"இதை ஏன் ஊர்லயே சொல்லலீங்க?"

"சொல்லியிருந்தா நீ வந்திருக்கமாட்டே."

"வந்திருப்பேனுங்க"ன்னு சொன்னேன். வீம்புக்குச் சொல்லலை, இன்னைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன். அதுக்குப் பொறவு எத்தனையோ தரம் போய்ட்டு வந்துட்டோம், புயல்லகூட மாட்டியிருக்கோம், பக்கத்துப் படகுங்களுக்குப் பாய்மரமே முறிஞ்சப்ப எங்க படகுல ஒரு கயிறு அறுந்ததில்லை. கடலு எங்களை நெம்ப நல்லாத்தானுங்க வெச்சிருக்குது, அதுதான் எனக்குக் கொஞ்சம் இடிக்குது. அவ என்ன கேட்டா, நான் எதைத் தர்றேன்னு ஒத்துக்கிட்டேன், இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலீங்க.