சுகந்தியும் எண்பது றோல்ஸும்

சுகந்தி இறந்துவிட்டாள் என்பதை எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் கண்டேன். வேலை முடிந்து, நான் இப்போது இருக்கும் லவாலுக்கு மெத்ரோ ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். மாரடைப்பு. நாற்பத்தொரு வயது. முதல் நாள்கூட, இந்த வருட ஹோம்கமிங் வாரத்துக்கு யார் பலூன் கட்டுவது என்று அதே குழுவில் எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தவள். நான் இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசி நிலையம்வரை போய்விட்டேன். அதற்குள் ஆளாளுக்கு அவளைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டார்கள். எங்களோடு படித்த ஸ்ரெபனி எழுதியிருந்தாள்: "அவள் அந்த றோல்ஸ் கதையை எங்களுக்கு நடித்துக் காட்டிய மத்தியானத்தை மறக்கவே முடியாது. சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது." அதை மூன்று தடவை வாசித்தேன்.

அவளைத் தெரிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தின் உற்சாகமே சுகந்திதான் என்று நீங்கள் எழுதுவது பொய்யில்லை. ஹோம்கமிங் வாரம் முழுக்க முகத்தில் பள்ளிக்கூட நிறமான நீலமும் வெள்ளையும் அப்பிக்கொண்டு தொண்டை கட்டும்வரை கத்துவாள். "சத்தம் போட்டாத்தானடி இஞ்ச எங்களைத் தெரியும்" என்பாள். வகுப்பில் நாங்கள் இரண்டு பேர்தான் தமிழ். நான் வாய் திறக்காத பிள்ளை. என் பங்குக்கும் சேர்த்து அவளே கத்தினாள்.

அந்த றோல்ஸ் கதை இதுதான். பத்தாம் வகுப்பில் ஒரு நாள் காலை அம்மா, "உதென்ன பிள்ளை, ஹோம்கமிங்?" என்று கேட்டார்.

"வீட்டுக்கு வாறது அம்மா" என்றேன், பல் துலக்கியபடி.

"ஆர் வருகினம்?"

"எல்லாரும்தான். வெள்ளிக்கிழமை."

படித்து முடித்தவர்கள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வரும் நாள் என்று விளங்கப்படுத்த எனக்குப் பொறுமை இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை விளையாட்டுப் போட்டி முடிந்து நானும் சுகந்தியும் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தால், அம்மா தையல் வேலைக்கு லீவு போட்டு, நல்ல சேலை உடுத்து, மேல்வீட்டில் கதிரைகள் இரவல் வாங்கிப் போட்டு, மீனும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுருட்டிய எண்பது றோல்ஸ் பொரித்து வைத்துக்கொண்டு நிற்கிறார். எங்கள் தலைக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மற்றவை எங்க?" என்றார்.

சுகந்திதான் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சமாளித்தாள். "அவையளைப் பள்ளிக்கூடத்தில மறிச்சுப்போட்டினம் அன்ரி. நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்." நின்ற நிலையில் ஆறு றோல்ஸ் தின்றாள். மிச்சத்தைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு போகும்போது படியில் என் கையைப் பிடித்து, "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன், அம்மாவாண" என்றாள். அன்றைக்கு அவளைவிட நெருக்கமானவர் எனக்கு உலகத்தில் யாருமில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் எல்லாரும், காலியான கதிரையைக் கண்டால் போதும், "மற்றவை எங்க?" என்று ஆங்கிலத்தில், அம்மாவின் இழுவையோடு கேட்கத் தொடங்கினார்கள். அடுத்த வருட ஹோம்கமிங்கில் அது மேடைக்கே வந்துவிட்டது. கட்டில் விரிப்பைச் சேலையாகச் சுற்றிய ஒருத்தி தட்டோடு வந்து வெறும் கதிரைகளைப் பார்த்து முழித்தாள். பள்ளிக்கூட ஜிம் மண்டபமே சிரிப்பில் அதிர்ந்தது. சுகந்தி என் பக்கத்தில் இருந்து என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். இந்த முறை விசயம் விளங்கிப் பள்ளிக்கூடத்துக்கே வந்திருந்த அம்மா பின்வரிசையில் இருந்தார். பஸ்ஸில் வரும்போது, "உது நானோ பிள்ளை?" என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு அவர் பள்ளிக்கூடத்துப் பக்கம் வரவேயில்லை, என் பட்டமளிப்புக்கும்கூட.

"உவள் ஸ்ரெபனிதான். உங்கட தெருவிலதானே இருக்கிறாள், யன்னலுக்கால பாத்திருப்பாள். அவளோட கதையாதை" என்றாள் சுகந்தி, கதை எப்படி வெளியே போனது என்று நான் கேட்டபோது. நானும் கதைக்கவில்லை, இருபத்தைந்து வருடமாக. எதிரே கண்டால் வீதியின் மறுபக்கம் போவேன். ஸ்ரெபனியின் தகப்பன் செத்தபோது ஒரு வரி எழுதவில்லை. என் அம்மா இறந்து முப்பத்தோராம் நாள் சடங்குக்குச் சுகந்தி காலையிலிருந்து என் குசினியில் நின்று தனியாளாக றோல்ஸ் சுற்றினாள். கண் சிவந்திருந்தது. வெங்காயம் என்றாள். அன்றைக்காவது வாய் திறந்திருக்கலாம், படுபாவி.

சுகந்தியின் செத்தவீடு முடிந்தபின் ஸ்ரெபனிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் திகைத்துப்போனாள். "நீ சம்மதித்தாய் என்றுதானே சுகந்தி சொன்னாள்? நாடகமாகப் போடச் சொன்னதே நீதான், உனக்குக் கூச்சமென்று நாடகத்தைத் தானே எழுதித் தருவதாகச் சொன்னாளே" என்றாள். பிறகு, "நீ ஏன் என்னோடு பேசாமல் விட்டாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது" என்றாள். நான் சொன்னேன். இரண்டு பேரும் அழுதோம், ஒரே ஆளுக்காகத்தான் அழுதோமா என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த வெள்ளிக்கிழமை ஹோம்கமிங் மேடையில் அவளைப் பற்றி என்னைப் பேசச் சொன்னீர்கள். மன்னியுங்கள், வரமாட்டேன். அவளுடைய நீலமும் வெள்ளையும் பாட்டும் கூச்சலும் உங்களோடு இருக்கட்டும். என்னிடம் இருப்பது அவள்மேல் உள்ள கோபம் மட்டும்தான், அதை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை. இந்த இருபத்தைந்து வருடத்தில் எந்த நாள் கேட்டிருந்தாலும் மன்னித்திருப்பேனே, சுகந்தி. இனி நான் யாரைப் போய் மன்னிக்க?