இரண்டு செக்கன்

சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டுப் பழைய கணினிக்கு ஒரே வேலைதான். வெளிநாட்டுச் சொந்தக்காரர் அனுப்பும் கலியாணவீடு, கோயில் திருவிழா வீடியோக்களை இறக்கி வைப்பது. எங்கள் இணைய வேகத்துக்கு ஒன்று இறங்கி முடிய ஒரு பகல் போகும். அந்த இறக்கும் மென்பொருளின் பக்கத்தைப் போனிலும் திறக்கலாம், ஆனால் அது பெரிய திரைக்கென்று செய்தது. அம்மாவின் போனில் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரித் தெரியும். இணையத்தளம் வடிவமைத்துப் பிழைக்கிறவன் நான். என் அம்மாவே கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பது எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் அந்தப் பக்கத்துக்குப் போனுக்கு ஏற்ற புதுத் தோற்றம் ஒன்றை நானே எழுதினேன். ஒவ்வொரு வீடியோவும் ஒரு பெரிய பெட்டி. மேலே படம், கீழே தமிழில் பெயர், அதற்கும் கீழே வீடியோவை ஓட்டப் பச்சைப் பொத்தான்.

கனடாவில் இருந்த என் அண்ணை திடீரென்று செத்துப்போனார். அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. செத்தவீட்டை நேரலையில் பார்ப்போம் என்றிருந்தால், அன்று பார்த்துக் கரண்ட் போனது. பிறகு அண்ணி முழு வீடியோவின் இணைப்பை அனுப்பினார். இரண்டு கிழமை, பதினாலு நாள்தான் அது வேலை செய்யும் என்று எழுதியிருந்தது. இறக்கிவிட்டேன். பெட்டியில் அண்ணையின் படத்தையும் நானே போட்டேன்.

அம்மா பார்க்கவில்லை. "முப்பத்தொண்டுக் கிரியை முடியட்டும் தம்பி. இப்ப பாத்தால் நான் தாங்கமாட்டன்" என்றார்.

ஆனால் ஒவ்வொரு காலையும் சாமி கும்பிட்டு, திருநீறு பூசின கையோடு போனை எடுப்பார். அண்ணையின் முகத்தில் விரல் வைத்து, வாய்க்குள் என்னவோ சொல்லி, கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். சாமிப் படத்தைத் தொட்டுக் கும்பிடுகிற அதே விதம்தான். நான் தேத்தண்ணியோடு பக்கத்தில் நின்று எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன்.

இருபத்தெட்டாம் நாள் அம்மா ஒரு குறை சொன்னார். பார்த்து முடிந்த திருவிழா வீடியோக்களை அழிக்கிற பெருக்கல் குறி விரலுக்கு அகப்படவில்லையாம். அகப்பட்டாலும் உடனே, அழிக்கவா என்று ஒரு கேள்வி வரும். "தம்பி, உது என்னவோ கேக்குது, ஓடிவா" என்று கூப்பிடுவார். வேலைக்கு நடுவே நாலு தரம் எழும்பி ஓடினதில் எனக்கு எரிச்சல். அன்றைக்கே குறியையும் எடுத்தேன், கேள்வியையும் எடுத்தேன். பெட்டியில் இரண்டு செக்கன் விரலை வைத்திருந்தால் வீடியோ அழியும். பெரிய கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை சாமியறையில் இருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"தம்பி, அண்ணையைக் காணேல்லை."

ஓடிப்போய்ப் பார்த்தால் அண்ணையின் பெட்டி இல்லை. வரிசையில் காத்திருந்த ஒரு கலியாண வீடியோ அதற்குள் கணினியில் அது இருந்த இடத்தில் இறங்கத் தொடங்கியிருந்தது. தெரிந்த வழியெல்லாம் பார்த்தேன். ஒன்றும் மீளவில்லை. இணைப்பு காலாவதியாகி ஒரு கிழமைக்கு மேல். ஊருக்கெல்லாம் "நகல் எடுத்து வையுங்கோ" என்று சொல்கிற நான் ஒரு நகல் எடுத்திருக்கவில்லை. அண்ணியைக் கேட்டேன். "என்னட்டை இல்லைத் தம்பி. திருப்பிப் பாக்க மனம் வராமல் நான் இறக்கவே இல்லை" என்று அழுதார். வீடியோ எடுத்தவரும் அழித்துவிட்டாராம்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து வந்தவர்கள் போன பிறகு, அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கதிரையில் வந்து இருந்தார். அதுவரை "தேடுறன்" என்று கடத்திவந்த எனக்கு இனி வேறு வழி இருக்கவில்லை.

"அது அழிஞ்சிட்டுதம்மா. என்ரை பிழை."

அம்மா தன் விரல்களைப் பார்த்தபடி கேட்டார்.

"நான் தொட்டதாலையோ?"

"இல்லையம்மா, நான் எழுதினதிலைதான் பிழை" என்றேன். எத்தனை தரம் சொன்னாலும் அவருக்கு அது ஏறவில்லை.

அன்றிரவே எல்லாவற்றையும் மாற்றினேன். இப்போது எவ்வளவு நேரம் விரலை வைத்திருந்தாலும் எதுவும் அழியாது. அதை அம்மாவுக்குக் காட்டியும் விட்டேன். ஓம் என்று தலையாட்டினார். ஆனால் கோயில் வீடியோ பார்க்கவேண்டும் என்றால் இப்போதும் போனை விளிம்பில் பிடித்து என்னிடம் நீட்டுகிறார்.

"நீ அமத்து தம்பி. நான் தொடமாட்டன்."