பத்து முறை அட்டை

டோர்ட்மண்டிலிருந்து ரயிலில் இருபது நிமிடத் தூரத்தில் உள்ள ஒரு சிறிய நகரத்தின் நீச்சல் தடாகத்தில் ஒன்பது வருடம் வேலை செய்தேன். தண்ணீரில் இருப்பவர்களைக் கண்காணிப்பதும் நீந்தக் கற்றுக்கொடுப்பதும் என் வேலை. இரண்டாவது பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, என் வயதில் பாதிகூட இல்லாதவர்களோடு உட்கார்ந்து அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்து அந்த வேலைக்கு வந்தவள் நான். தடாகம் நகரசபைக்குச் சொந்தமானது. நடத்தியது ஒரு தனியார் நிறுவனம். நகரசபை ஒரு தொகை கொடுக்கும், மிச்சத்தை நுழைவுச்சீட்டிலும் வகுப்புகளிலும் நிறுவனம் தேடிக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாட்டைப் பற்றி நான் ஒருநாளும் யோசித்ததில்லை. தண்ணீர் சூடாக இருந்தது. சம்பளம் மாத முடிவில் வந்தது.

சனிக்கிழமை பின்னேரம் ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கியிருந்தார்கள். எங்கள் தமிழ்ப் பெண்கள் ஆறு பேர் என்னிடம் நீந்தப் பழக வந்தார்கள். அவர்களில் மூத்தவர் அறுபதை நெருங்கிய ஓர் அக்கா. முதியோர் இல்லமொன்றில் துப்புரவு வேலை. முழங்கால் வலிக்கு நீந்தினால் நல்லது என்று டொக்டர் சொல்லி வந்தவர். ஒரு வருடம் ஆகியும் சுவரை விடமாட்டார். விட்டாலும் என் கை அவர் முதுகின் கீழ் இருக்க வேண்டும்.

"பிள்ளை, கையை எடுத்துப் போடாத."

"எடுக்கமாட்டன் அக்கா. நீங்கள் காலை அடியுங்கோ."

கொரோனா வந்தபோது இரண்டு கிழமை என்று சொல்லித்தான் கதவைப் பூட்டினோம். பிறகு எங்களைக் குறைநேர வேலையில் போட்டார்கள். சம்பளத்தின் ஒரு பகுதியை அரசாங்கம் கொடுத்தது. ஆனால் தடாகத்தை வீட்டைப் போலப் பூட்டிவிட்டுப் போக முடியாது. தண்ணீரை முழுவதும் இறக்கினால் ஓடுகள் பெயர்ந்துவிடும் என்று இயந்திரங்களைப் பார்ப்பவர் சொன்னார். அதனால் அவரும் நானும் முறைவைத்துப் போய், ஒருவரும் குளிக்காத தண்ணீரின் குளோரினைச் சோதித்தோம். பம்புகள் ஓடிக்கொண்டே இருந்தன. அவ்வளவு பெரிய கூடத்தில் என் செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும்.

கோடையில் திறந்தோம். முன்பதிவு செய்த சிலர் மட்டும் வரலாம். அந்தச் சிலருக்காக முழுத் தண்ணீரையும் சூடாக்க வேண்டியிருந்தது. "மூடி வைத்திருப்பதைவிடத் திறந்து வைத்திருப்பதில்தான் நட்டம் அதிகம்" என்று எங்கள் முகாமையாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் நல்ல மனிதர். ஜேர்மன்காரர், முன்பு தானும் தடாகத்தில் நின்று வேலை பார்த்தவர்.

அந்த இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை அக்கா தானாகவே சுவரை விட்டார். நான் கையை எடுத்துவிட்டேன். அவருக்குத் தெரியும், ஆனாலும் காலை அடித்துக்கொண்டே போனார். மூன்று, நான்கு வீச்சு. அவ்வளவுதான். பிறகு தடங்களைப் பிரிக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினார்.

"நானோ போனனான்?" என்று கேட்டார்.

"ஓம், நீங்கள்தான்."

அடுத்த கிழமை மறுபடியும் எல்லாவற்றையும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது.

குளிர்காலத்தில் முகாமையாளர் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். பூட்டியிருக்கும் நாட்களுக்கு முழுத்தொகை தர ஒப்பந்தத்தில் இடமில்லை என்று நகரசபை சொல்கிறதாம். அதிகப்படி உதவி கேட்டு எழுதிய கடிதத்துக்கு, அது நிறுவனத்தின் பொறுப்பு என்று பதில் வந்ததாம். இளவேனிலில் எப்படியும் திறந்துவிடலாம், அதுவரை தாங்க வேண்டும் என்றார். பத்து முறை நீந்துவதற்கான அட்டைகளை முன்கூட்டியே விற்றால் கை கொடுக்கும்.

"நீ சொன்னால் உன் பெண்கள் வாங்குவார்கள்" என்றார்.

அன்று பின்னேரமே ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டேன். ஆறு பேரும் வாங்கினார்கள். அக்கா இரண்டு கேட்டார். "தடாகம் நிலைச்சு நிண்டாத்தானே நான் நீந்தலாம். எனக்கு ரெண்டு போடு" என்றார். அட்டைகளை நானே கொண்டுபோய் அவர்களுடைய கடிதப்பெட்டிகளில் போட்டேன்.

குளிர் முடியும் முன்பே நிறுவனம் திவாலானது. நீதிமன்றம் நியமித்த ஒருவர் வந்து சாவிகளை எண்ணி வாங்கிக்கொண்டார். முகாமையாளர் தன் மேசையிலிருந்த பூச்சாடியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

தடாகத்தை நகரசபையே நடத்துவதா என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் ஊர்மக்களும் பேசலாம் என்றார்கள். எனக்கு மூன்று நிமிடம் கிடைத்தது. நீந்தத் தெரியாத பிள்ளைகளைப் பற்றியும், முழங்கால் வலிக்காரரைப் பற்றியும் எழுதிக்கொண்டு போயிருந்தேன். முகக்கவசத்துக்குள் மூச்சு முட்டியது. என் ஜேர்மன் ஓர் இடத்தில் தடுமாறியது. முடித்ததும் சபை உறுப்பினர்கள் மேசைகளைத் தட்டிப் பாராட்டினார்கள். கூட்டத் தலைவர் என் பெயரை மிகக் கவனமாக உச்சரித்து நன்றி சொன்னார். அரைமணி நேரம் கழித்து, திறப்பதில்லை என்று அதே உறுப்பினர்கள் கைகளை உயர்த்தி வாக்களித்தார்கள்.

அட்டை வாங்கியவர்கள் நிறுவனம் காசு கொடுக்கவேண்டிய மற்றவர்களோடு சேர்ந்து படிவம் நிரப்பலாம் என்றார்கள். ஆறு பேருக்கும் நான்தான் நிரப்பினேன். கொடுப்பதற்கு எதுவும் மிஞ்சும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று ஆறு கடிதங்கள் வந்தன.

சில மாதங்களுக்குப் பிறகு தமிழ்க் கடையில் மிளகாய்த்தூள் எடுத்துக்கொண்டிருந்தபோது, அந்த ஆறு பேரில் என்னைவிட இளைய ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்களுக்கு முதலே தெரியும்தானே அக்கா?"

"இல்லை, தெரியாது."

"நீங்கள் சொன்னபடியால்தான் வாங்கினனாங்கள்" என்றார். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு மற்ற வரிசைக்குப் போய்விட்டார்.

தெரியாது என்றது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. அந்தக் குளிர்காலத்தில் ஒரு பம்பு பழுதாகி நின்றது. உதிரிப்பாகம் வரவேயில்லை. பழைய பாக்கியைக் கட்டாமல் அனுப்பமாட்டார்களாம் என்று இயந்திரம் பார்ப்பவர் என்னிடம் சொன்னார். அது நான் அட்டை விற்பதற்கு முந்திய கிழமை. கேட்டேன், தலையை ஆட்டினேன். அதற்கு என்ன பொருள் என்று யோசிக்க எனக்கு விருப்பமிருக்கவில்லை.

அக்காவின் பணத்தையாவது திருப்பிக் கொடுக்கலாம் என்று கடித உறையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வேலை முடிந்து வந்து, காலை ஒரு முக்காலியில் நீட்டிவைத்திருந்தார். உறையைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"நீ திருப்பித் தந்தா அது உன்ர பிழை எண்டாகிப் போகும். கொண்டு போ."

பிழைதான் அக்கா, என்று சொல்லியிருக்க வேண்டும். பம்பைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உறையைக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, "டோர்ட்மண்டில ஒரு தடாகம் திறந்திருக்கு. நான் கூட்டிக்கொண்டு போறன், வாங்கோ" என்றேன்.

"ரயிலும் பஸ்ஸும் மாறி, இந்த முழங்காலோடயோ? ஏலாது பிள்ளை." காலை முக்காலியில் சரியாக எடுத்து வைத்தார். "அங்கையும் திரும்ப முதலில இருந்து தொடங்க வேணும். விடு."

நான் இப்போது பொதிகள் பிரிக்கும் கிடங்கில் வேலை செய்கிறேன். தடாகத்தைச் சுற்றி இரும்பு வேலி போட்டிருக்கிறார்கள். இடிப்பதற்கும் நகரசபையிடம் காசில்லை என்று பத்திரிகையில் வந்தது. அக்கா வேலையை விட்டுவிட்டார், வயதானவர்கள் நடக்க உதவும் தள்ளுவண்டியைப் பிடித்துத்தான் நடக்கிறார். வழியில் கண்டால் என் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி விசாரிப்பார். நானும் அவருடைய மருந்துகளைப் பற்றிக் கேட்பேன். வேறு ஒன்றும் பேசுவதில்லை.