அழாத பிள்ளைக்கு முதல் பரிசு

1. தராசு பிடித்தவள்

எண்பதுகளின் நடுவில் ஏற்காட்டில் கிராம சுகாதார நர்ஸாகச் சேர்ந்தேன். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே தலைச்சோலைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ஆரோக்கியக் குழந்தை போட்டி நடந்தது. ஆரோக்கியம் என்றால் என்ன என்பதை எஸ்டேட் மேனேஜரின் மனைவி ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். பிள்ளை குண்டாக இருக்க வேண்டும். அவர் தூக்கினால் அழக் கூடாது. முக்கியமாக, அவருடைய பட்டுப்புடவையை நனைக்கக் கூடாது.

எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரும் வந்திருந்தார். அவருடைய வெள்ளைக் கோட்டைக் கண்டதும் பிள்ளைகள் ஊரைக் கூட்டின. ஊசி போட்ட கையை அவை மறக்குமா? ஒருவன் மட்டும் அழவில்லை. காபி பறிக்கும் பழனியம்மாவின் மகன் குமரேசன், இரண்டு வயதை நெருங்கிக்கொண்டிருந்தான். எடைத் தராசின் தூளியில் உட்கார்ந்து, மேலே ஆடும் கொக்கியையே பார்த்தான். டாக்டர் தூக்கினார், மேனேஜரம்மா தூக்கினார், கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர் தூக்கினார். ரேஷன் மூட்டை மாதிரி கை மாறினானே தவிர, அம்மா எங்கே என்று ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

எவ்வளவு அடக்கமான பிள்ளை என்று மேனேஜரம்மா உருகிப்போனார். முதல் பரிசு அவனுக்கே. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். எங்கள் போட்டியில் அழாத பிள்ளைக்குத்தான் பால் பவுடர் டின். டாக்டர் கையால் கொடுத்து, போட்டோவும் எடுத்தார்கள். எனக்கு ஏதோ நெருடியது. ஆனால் தராசு பிடிப்பவளிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

2. வீட்டுக்கு ஒரு வைத்தியர்

சில மாதம் கழித்துத் தடுப்பூசி போடப் போயிருந்தபோது பழனியம்மா என்னை ஓரமாக அழைத்தாள்.

"ஏனுங்க நர்சம்மா, இவன் இன்னும் என்னய அம்மான்னு கூப்புட மாட்டீங்கறானுங்க. பேரச் சொன்னாத் திரும்பறதுமில்லீங்க. என் மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டீங்கறான்."

அதற்குள் ஊர் வைத்தியம் ஒரு சுற்று முடிந்திருந்தது. மாமியார் நாக்கில் வசம்பு தேய்த்துப் பார்த்துவிட்டார். மாமனார் சேர்வராயன் சாமிக்கு வேண்டிக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர், இவன் அப்பனே ஐந்து வயதில்தான் வாய் திறந்தான், இன்றைக்கு அந்த வாயை மூட முடிகிறதா என்று ஆறுதல் சொன்னார். மருத்துவக் கல்லூரியில்கூட இத்தனை நிபுணர்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

அப்பன் சடையன் மஞ்சக்குட்டை ரூட்டில் ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டினான். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வரச் சொன்னதும் சுவரைக் காட்டினான். சாமி படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட போட்டோ.

"டாக்டரே பரிசு குடுத்த புள்ளைங்க இது. நோவு இருந்தா அவருக்குத் தெரியாதுங்களா?"

குண்டாக இருக்கிறான், அழவில்லை என்று நாங்களே சான்று கொடுத்துவிட்டோம். இனி நாங்களே போய் உன் பிள்ளைக்கு என்னவோ இருக்கிறது என்றால் எவன் நம்புவான்? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சடையன் மேல் இல்லை, அந்தப் பால் பவுடர் டின் மேல்.

3. தெரியாது என்ற டாக்டர்

பழனியம்மா புருஷனிடம் சொல்லாமல் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பரிசு கொடுத்த அதே டாக்டர். பிள்ளைக்குப் பின்னால் நின்று ஒரு ஸ்டீல் தட்டைத் தட்டினார். அவன் அசையவில்லை. காது கேட்கவில்லை என்று எழுத ஆரம்பித்தார். அவ்வளவு சுலபமாக முடிய இருந்தது.

"இல்லீங்க டாக்டர். இவங்கப்பன் ஜீப்பு சத்தம் கீழ வளைவுல வாரப்பவே வெளிய ஓடறானுங்க. அப்பனப் பாக்க இல்லீங்க. டயருகிட்ட உக்காந்து அதயே பாத்துக்கிட்டிருப்பான்."

டாக்டர் பேனாவை மூடினார். மேஜை மேல் இருந்த ஒரு டப்பா மூடியை மெதுவாகச் சுழலவிட்டார். அந்தச் சின்னச் சத்தத்துக்குக் குமரேசன் சட்டென்று திரும்பினான். பேர் சொல்லிக் கூப்பிட்டார், திரும்பவில்லை.

"இது என்னன்னு எனக்குத் தெரியலம்மா. தெரிஞ்சவங்ககிட்ட அனுப்பறேன். தள்ளிப்போடாத."

என் சர்வீஸில் ஒரு டாக்டர் தெரியாது என்று வாய்விட்டுச் சொல்லிக் கேட்டது அபூர்வம். அன்றைக்கு அவர்மேல் வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் லீவு போட்டுக் கூடப் போனேன். ஆட்டிசம் என்ற சொல்லை நாங்கள் இருவரும் முதன்முதலாகக் கேட்டது அங்கேதான். என் ட்ரெயினிங்கில் குடற்புழுவுக்கு ஒரு முழுப் பாடம் இருந்தது, இதற்கு ஒரு வரி இல்லை. அங்கிருந்த டாக்டரம்மா குமரேசனோடு தரையில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். இது பைத்தியம் இல்லை, தாய் வளர்ப்பின் குறையும் இல்லை, மருந்தால் போகிறதும் இல்லை என்றார். ஆனால் சொல்லிக்கொடுக்கலாம், மூன்று வயதுக்குள் வந்தது நல்லதாகப் போயிற்று என்றார். அவனுக்குச் சக்கரம் பிடிக்கிறதா? கையால் நிறுத்து. அவன் உன் முகத்தைப் பார்க்கும்வரை காத்திரு. பார்த்ததும் சுற்று. அதுதான் வைத்தியம்.

ஊர் திரும்பியதும் சடையன் கேட்ட முதல் கேள்வி, மாத்திரை எங்கே என்பது. ஊசி இல்லை, டானிக் இல்லை, விளையாடச் சொல்லி அனுப்பினார்கள் என்றால் அது என்ன ஆஸ்பத்திரி?

4. சக்கரம்

காட்டில் வேலை முடிந்து வந்ததும் பழனியம்மா மகனுக்கு எதிரே உட்கார்ந்து, பொம்மை லாரியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். அவளுக்கும் முற்றிவிட்டது என்று ஊர் சிரித்தது. முதலில் முறைத்துக்கொண்டிருந்த சடையன், ஒரு நாள் ஒர்க்ஷாப்பிலிருந்து தட்டினால் சுழலும் பழைய பேரிங் ஒன்றைத் துடைத்துக் கொண்டுவந்து மகன் முன்னால் வைத்தான். அவனிடம் அதற்கு மேல் மன்னிப்பு எதிர்பார்க்க முடியாது.

காபிப் பழம் பறிக்கும் சீசன். ஒரு காலைப் பனியில் பழனியம்மா மூச்சிரைக்க நான் இருந்த துணை சுகாதார நிலையத்துக்கு வந்தாள். இடுப்பில் மூக்கு ஒழுகக் குமரேசன். இருவர் கண்களும் சிவந்திருந்தன. நான் பயந்துவிட்டேன்.

"நர்சம்மா, நான் வேலைக்குக் கெளம்பறப்ப சீலயப் புடிச்சுக்கிட்டு, என் மூஞ்சியப் பாத்து அழுதானுங்க. என்னயப் போக விடாம நொம்ப நேரம் அழுதானுங்க."

பெற்ற பிள்ளை அழுததற்கு இத்தனை சந்தோஷப்பட்ட ஒருத்தியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நானும் அழுதுவிட்டேன். அம்மா என்ற சொல் வர இன்னும் நாளானது. படிப்பு அவ்வளவாக ஏறவில்லை. ஆனால் கூப்பிட்டால் திரும்பினான்.

இப்போது வேலைக்கு வரும் நர்ஸ் பிள்ளைகளே, எடை போடுங்கள், ஊசி போடுங்கள். கூடவே பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். தாய் சொல்வதை முழுசாகக் கேளுங்கள். தொந்தரவே தராத பிள்ளை என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அந்தப் பிள்ளையைத்தான் முதலில் போய்ப் பாருங்கள்.