மாப்பிள்ளைக் காரின் ஹூட்

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதியில், ஓர் ஐப்பசி மாதம் நடந்தது இது. அப்போது யாழ்ப்பாணம் டவுனில் கார் திருத்துகிற கராஜ் ஒன்று சின்னதாக வைத்திருந்தேன். கீரிமலைப் பக்கம் பெண் பார்த்துக் கலியாணமும் நிச்சயமாகிவிட்டது. ஐப்பசியில் நாள் வைத்துவிட்டு மழையைக் குறை சொல்லக் கூடாதுதான். ஆனால் அன்றைக்கு அந்த மழை என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே!

முதலில் என் கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சம்பந்தம் பேசியபோது பெண்ணின் தாய்மாமனுக்கு மட்டும் மனமில்லை. "கராஜ்காரனுக்கோ பொம்பிளை குடுக்கப் போறியள்? உவன்ரை நகத்துக்குள்ளை இருக்கிற கறுப்பு ஆயுசுக்கும் போகாது" என்று என் காதுபடவே சொல்லிவிட்டார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. கலியாணத்துக்குச் சில நாள் முன்பே கராஜைப் பூட்டிவிட்டு, தேசிக்காய்ப் புளியும் தேங்காய்ப் பொச்சு நாருமாகக் கையைத் தேய்த்தேன், தேய்த்தேன், அப்படித் தேய்த்தேன். கலியாணத்தன்று காலையில் பார்த்தால் கோயில் ஐயரின் கை என்றுதான் சொல்வீர்கள். மணவறையில் அந்த மாமன் கண்முன்னே இந்தக் கையை நீட்ட வேண்டும். எனக்கிருந்த ஒரே ஆசை அதுதான்.

மாப்பிள்ளைக் கார் என் சிநேகிதனுடையது. கூரையாக இருக்கும் கன்வஸ் ஹூட்டைப் பின்னால் மடித்துவிட்டால் திறந்த காராகிவிடும். வழியில் சனம் மாப்பிள்ளையைப் பார்க்க வேண்டுமாம், அதற்காக ஹூட்டை மடித்து, பூச்சரம் கட்டி, அவனே ஓட்டினான். முன்சீட்டில் தோழன், அதாவது என்னை அழைத்துப் போக வந்த பெண்ணின் தம்பி. பின்சீட்டில் தலைப்பாகையும் பட்டு வேட்டியுமாக நான். பக்கத்தில் தோழியாக என் அக்கா.

அளவெட்டியைத் தாண்டியதும் வானம் இருண்டது. சிநேகிதன் காரை நிறுத்தி, தோழனோடு சேர்ந்து ஹூட்டைத் தூக்கினான். அக்கா பக்கம் எழும்பியது. என் பக்கம் பாதியில் நின்றுவிட்டது. அவ்வழியே மாட்டு வண்டிலில் வந்த இரண்டு பேரும் இறங்கி வந்து இழுத்தார்கள். ஹூட் கோணிக்கொண்டதுதான் மிச்சம்.

நான் இறங்க எழும்பினேன். அக்கா என் சால்வையைப் பிடித்துவிட்டாள்.

"எங்கை இறங்கிறாய்? வெளிக்கிட்ட மாப்பிள்ளை பொம்பிளை வீட்டு வாசலிலைதான் கால் வைக்க வேணும். பேசாமல் இரு!"

ஊரில் உள்ள கார்களையெல்லாம் கழற்றிப் பூட்டுகிறவன் நான். அன்றைக்குச் சோடித்த பொம்மையாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியிருந்தது. அவர்களோ கயிறிழுப்புப் போட்டி போல இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இழுக்காதையுங்கோ! இரும்புச் சட்டம் வளைஞ்சால் பிறகு ஏத்தவும் ஏலாது, இறக்கவும் ஏலாது!" என்று கத்தினேன். "மச்சான், முழுக்க இறக்கிப்போட்டு மெள்ளமாய்த் தூக்கு."

தலைப்பாகையைச் சரித்து, சட்டத்துக்குக் கிட்டக் காதை வைத்துக்கொண்டேன். துருப்பிடித்திருந்தால் கிறீச்சென்று கத்தும். சட்டம் வளைந்திருந்தால் இரும்பும் இரும்பும் உரசும். இது இரண்டுமில்லை. பாதி தூரம் சுகமாக வந்து, தலையணையில் முட்டியது போலச் சத்தமில்லாமல் நின்றது. சட்டம் மடங்குகிற மூட்டில் ஏதோ அகப்பட்டிருக்கிறது! அந்த மூட்டு என் சீட்டின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. வெளியே நின்று யார் கை விட்டாலும் எட்டவில்லை.

"துருவோ எண்டு பாக்கிறியோ? இருக்க வழியில்லை, மச்சான்" என்றான் சிநேகிதன் பெருமையோடு. "உன்ரை கலியாணம் எண்டு காலமைதான் கிறீஸை அள்ளி அப்பினனான்."

மகராசன்! கை விட்டால் முழங்கை வரைக்கும் கறுப்புத்தான். விடாவிட்டால் இரவல் காரின் ஹூட்டைப் பிய்த்துவிட்டு, நனைந்த கோழியாகப் போய் இறங்க வேண்டும். முதல் துளி மூக்கில் விழுந்தது. பிழை எங்கே என்று தெரிந்த பிறகும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் நான் என்ன கராஜ்காரன்? காரை விட்டு இறங்கத்தானே கூடாது? சீட்டில் முழங்காலை ஊன்றித் திரும்பி, கையை உள்ளே விட்டேன்.

மூட்டோடு சேர்த்து இறுக்கிக் கட்டிய ஒரு துணிமுடிச்சு அகப்பட்டது. அவிழ்த்து எடுத்தால், உள்ளே செத்தல் மிளகாய், உப்புக்கட்டி, ஓர் இரும்பாணி.

"ஐயோ, அது நான் கட்டினது!" என்றாள் அக்கா. "நாவூறு படக் கூடாதெண்டு ஒருத்தருக்கும் தெரியாமல் கட்டினனான்."

அதுவரை ஹூட் ஏற வேண்டும் என்று பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டிருந்தவளும் அவள்தான்! வண்டில்காரர் இருவரும் சிரித்த சிரிப்பில் மாடுகள் மிரண்டன. தாலி கட்டும்வரை முடிச்சு என்னை விட்டுப் போகக் கூடாது என்று அவள் பிடிவாதம் பிடிக்க, அதை மடியில் செருகிக்கொண்டேன். ஹூட் சொன்னபடி ஏறிப் பொருந்தியது. அடுத்த நிமிடம் மழை கொட்டியது.

முகூர்த்தத்துக்கு முன்பே, ஒரு துளி ஈரமில்லாமல் போய்ச் சேர்ந்தோம். கைதான் போச்சு. மழைத்தண்ணீரில் கழுவக் கழுவக் கிறீஸ் பரவியதே தவிரப் போகவில்லை. சால்வைக்குள் ஒளித்து வைத்தேன். ஆனால் கன்னிகாதானத்தில் ஒளிக்க முடியுமா? ஐயர் கையை நீட்டச் சொன்னார். பக்கத்தில் தாய்மாமன். அவர் கண் நேரே என் உள்ளங்கைக்குத்தான் போனது. எனக்கு அழுகை வராத குறை.

குனிந்திருந்த பெண்ணும் பார்த்தாள். என்னில் அவள் முதன்முதலாகப் பார்த்தது அந்தக் கையைத்தான். ஒரு கணம்தான். பிறகு தகப்பனார் எடுத்து வைக்குமுன்னே, தானாகவே என் கையில் தன் கையை வைத்து இறுகப் பிடித்துக்கொண்டாள். விட்டபோது அவள் உள்ளங்கையும் கறுப்பு. அதை அவள் துடைக்கவில்லை.

பந்தி முடிந்ததும் தாய்மாமன் என்னைத் தேடி வந்தார். தோழன் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு, "என்ரை காரின்ரை ஹூட்டும் ஒரு பக்கம் இழுக்குது. நாலாம் நாள் சடங்கு முடிய ஒருக்கால் வந்து பாரும்" என்றார். அதைவிடப் பெரிய ஆசீர்வாதம் அன்று எனக்குக் கிடைக்கவில்லை.

ஏன் துடைக்கவில்லை என்று மனைவியிடம் பிறகு கேட்டேன்.

"இஞ்சாருங்கோ, நான் துடைச்சிருந்தால் மாமா பாத்துக்கொண்டிருக்க உங்களுக்கல்லோ வெக்கமாய் இருந்திருக்கும்" என்றாள்.

அன்றைக்கு விட்டதுதான் தேசிக்காய்த் தேய்ப்பு. அவள் கூசாமல் பிடித்த கையை வேறு யாருக்காகவும் வெளுக்க எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.