வந்த நேரம், போன நேரம்

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த ஆண்டுகளில் நான் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தேன். ஒவ்வொரு வண்டியும் வந்த நேரம், போன நேரம், இரண்டையும் நோட்டில் எழுதுவது என் வேலை. மறியல்காரர்கள் சாலையில் புளியமரங்களை வெட்டிப் போட்ட நாட்களில் எழுத ஒன்றும் இருக்காது. ஆனால் டைம் ஆபீஸ் ஜன்னலில் கூட்டம் குறையாது.

"இன்னா சார், வடக்கனந்தல் வண்டி வருமா வராதா?"

"மரத்த எடுத்தாதான் வரும்."

"அப்ப இங்க எதுக்குக் குந்திக்கினு கீற? போய் ஒரு கை புடி!"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அங்கே சிரித்ததற்கெல்லாம் சேர்த்து மாலையில் வீட்டில் கத்துவேன்.

ஒருநாள் குழம்பில் உப்பு கம்மி என்று தட்டைத் தள்ளினேன். அது சுவரில் போய் இடித்தது. மனைவி தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள்: "இன்னொரு தபா இப்பிடி ஆச்சின்னா நான் தியாகதுருகம் போயிடுவேன். எங்க அண்ணன் வூட்டுல ஒரு ரூம்பு சும்மாதான் கெடக்குது." சொன்னால் செய்கிறவள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் தியானம் சொல்லித்தந்தார்கள். போனேன். நடத்தியவர் என்னைவிட இளையவர், அரசாங்க குமாஸ்தா. "கோபத்த அடக்காதீங்க. வர்றதப் பாருங்க, போறதப் பாருங்க. அவ்ளோதான்" என்றார். எனக்கா இது தெரியாது? அன்றே டைரியின் பின்பக்கத்தில் கோடு போட்டேன்: வந்த நேரம், போன நேரம், காரணம்.

தினமும் காலை ஐந்தரைக்குச் சுவரோரம் உட்கார்ந்து மூச்சை ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணுவேன். நாலாவது மூச்சிலேயே முதல் வண்டி நினைவுக்கு வந்துவிடும். மறுபடி ஒன்று. பல நாள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன், அதையும் எழுதிவைத்தேன். ஒன்று மட்டும் தெரியவந்தது. கோபம் வரும்போது முதலில் என் தாடை இறுகுகிறது. அதைக் கவனித்துவிட்டால் வாய் திறப்பதற்குள் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். கவனிக்கத் தவறிய நாட்களில் கத்தினேன், ஆனால் தட்டைத் தொடவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் எந்தக் கோபமும் இருபது நிமிடத்தைத் தாண்டவில்லை. "முன்னேற்றம்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் அந்தப் பக்கத்தில் பென்சில் எழுத்து. மனைவியுடையது. "வந்தது 6.40, போனது 6.55, காரணம் கரண்ட் இல்லை" என்ற வரியில் 6.55 அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில்: "போகவில்லை. நான் தூங்கும்வரை இருந்தது." இன்னொன்றில்: "மறுநாள் காலையிலும் இருந்தது." பதினொரு வரிகளில் ஒன்பது திருத்தப்பட்டிருந்தன. மறுக்க முடியவில்லை. வண்டி என் ஜன்னலைக் கடந்ததுமே போனதாக எழுதிப் பழகியவன் நான். அது ஊரைத் தாண்டியதா என்று பார்த்ததில்லை.

அன்றும் சாலையில் மரம். நாள் முழுவதும் பதில் சொல்லி, மாலையில் நடந்தே வீட்டுக்கு வந்தேன். கதவோரம் அவளுடைய பை கட்டி வைக்கப்பட்டிருந்தது.

"தியாகதுருகம் வண்டி எப்பங்க ஓடும்?"

அதே கேள்வி. தாடை இறுகியது. செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்தேன்.

"வந்திருக்கு" என்றேன்.

"வண்டியா?"

"இல்ல. கோவம்."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஆறு பத்து. போனதும் சொல்லுங்க, சோறு போடறேன்."

எண்ணினேன், விட்டேன், எண்ணினேன். ஆறரைக்கு, "போயிடுச்சி" என்றேன்.

"எங்க போச்சி? மூஞ்சிலயே குந்திக்கினு கீது."

ஏழே காலுக்குத் தட்டு வைத்தாள். பிறகு பென்சிலை எடுத்து, டைரியில் போன நேரத்தை அவளே எழுதினாள். பையைப் பிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் மரங்களை அகற்றினார்கள். தியாகதுருகம் வண்டி 9.20க்கு வந்தது. ஏறியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். 9.30க்குப் போனது. வளைவு திரும்பும்வரை பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். அந்த வண்டியில் அவள் இல்லை.